தூங்குகிறவரின் கை

குப்புறப் படுக்கச் சொன்னதே கலாமணிக்குப் பிடிக்கவில்லை. மல்லாந்து படுத்தாலாவது வருகிறவள் போகிறவள் முகத்தைப் பார்க்கலாம், பேசும்போது கண் எங்கே போகிறது என்று கவனிக்கலாம். குப்புறப் படுத்தால் என்னத்தைப் பார்ப்பது? கட்டிலின் தலைமாட்டில் முகம் வைக்க வட்டமாக ஒரு ஓட்டை விட்டிருந்தார்கள். அது வழியாகத் தெரிந்ததெல்லாம் சந்தன நிற டைல்ஸ், அதன் மேல் ஒரு ஜோடி கால். நீல ரப்பர் செருப்பு. குதிகால் வெடித்திருந்தது, ஆனால் நகத்துக்கு மட்டும் சிவப்புச் சாயம். குதிகாலுக்குக் களிம்பு தடவ நேரமில்லாதவளுக்கு நகத்துக்குச் சாயம் பூச மட்டும் நேரம் எங்கேயிருந்து வந்தது, யாருக்காக வந்தது என்று கலாமணி அங்கேயே ஒரு கணக்கைத் தொடங்கிவிட்டாள். மூக்கில் அந்த எண்ணெய் வாசனை ஏறியது. அதே வாசனைதான், சந்தேகமே இல்லை. ஐந்து வாரமாக வியாழக்கிழமை சட்டையில், பனியனில், ஒருதரம் தலையணை உறையில்கூட வந்த வாசனை. துவைக்கிறவளுக்குத் தெரியாதா? எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற மனுசன் சட்டையில் வார்னிஷ் நாறும், கருகின செம்புக் கம்பி நாறும். இருபத்தாறு வருசமாக அது நாறித்தான் இருக்கிறது. தைல வாசனை எங்கேயிருந்து வரும்? போன வாரம் சட்டைப்பையில் சின்ன அட்டை ஒன்று கிடைத்தது. பேனாவில் வரிசையாக ஐந்து வியாழக்கிழமை, எல்லாம் அஞ்சரை மணி, மேலே இந்த இடத்தின் பெயர். வியாழக்கிழமை அஞ்சரைக்கு ஆப்பக்கூடல் போய்ப் பழுதான மோட்டாரை ஏற்றிக்கொண்டு வருகிறேன் என்றல்லவா சொல்லியிருந்தார் அவள் வீட்டுக்காரர் சென்னியப்பன்! ஆப்பக்கூடல் எங்கே, கோபி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி விதைக்கடை மாடியில் இருக்கிற இந்தப் பிசியோதெரபி எங்கே? அதனால்தான் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, தோள் வலிக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு, முதுகுப்பக்கம் கயிறு கட்டிய அங்கியை மாட்டிக்கொண்டு, நாற்பத்தெட்டு வயசில் இப்படிக் கவிழ்ந்து கிடக்க வேண்டியதாகிவிட்டது.

"எந்தத் தோளுக்கா?" என்றாள் கால்காரி. பெயர் ஜெனிட்டாவாம், தூத்துக்குடிப் பக்கமாம், முப்பது வயசு இருக்கும். எந்தத் தோள் என்று கலாமணி வீட்டிலிருந்தே யோசித்துக்கொண்டு வரவில்லை. வாய்க்கு வந்தபடி வலது என்று சொன்னாள். விரல்கள் வலது தோளில் ஏறின, இறங்கின, ஒரு நொடி நின்றன, அப்புறம் யாரும் சொல்லாமலே கழுத்தைத் தாண்டி இடது பக்கம் போய் ஒரு இடத்தில் குத்தி நின்றன. கலாமணிக்கு உயிரே போய்விட்டது. "அம்மாடி!" என்று கத்தியே விட்டாள். அழுத்தியது தோளில், வலித்ததோ காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டில், பல்வரைக்கும். "வலது இல்லக்கா, இடதுதான். கல்லு கணக்கா கெட்டியா இருக்குல்லா?" என்றாள் ஜெனிட்டா. கேட்டதில் ஒரு சந்தோசம் இருந்தது, திருடனைப் பிடித்த சந்தோசம். பொய் சொல்லிக்கொண்டு வந்த இடத்தில் நிஜமாகவே வலி இருந்தால் என்ன அர்த்தம்? இவள்தான் அழுத்தி வலியை உண்டாக்குகிறாளோ? சும்மா இருக்கிற உடம்பில் இவளே ஒரு முடிச்சைப் போட்டு இவளே அவிழ்ப்பாள், வாரா வாரம் வரச் சொல்லுவாள், அப்படித்தானே ஒருத்தரை ஐந்து வியாழக்கிழமை வரவைத்திருக்கிறாள். ஆனால் தலைவலி இருக்கத்தான் செய்தது. மாசக்கணக்காக இடது பொட்டில் மத்தியானத்துக்கு மேலே வருகிற தலைவலி. கண்ணாடி மாற்றிப் பார்த்தாயிற்று, காப்பியை நிறுத்திப் பார்த்தாயிற்று. அது இந்தத் தோளிலிருந்தா ஏறிக்கொண்டிருந்தது? "வலிக்கற இடம் வேற, முடிச்சு இருக்கற இடம் வேறக்கா. நெறைய பேரு வலிக்கற இடத்தையே தடவிக்கிட்டுக் கெடப்பாங்க." இதை எதற்கு என்னிடம் சொல்கிறாள், என்னைத் தெரிந்துகொண்டுதான் சொல்கிறாளா, முகம் ஏதும் காட்டிக் கொடுத்துவிட்டதா? கலாமணி ஓட்டைக்குள் முகத்தை இன்னும் புதைத்துக்கொண்டாள்.

ஜெனிட்டா அழகியா என்றால் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. குட்டையாக, அகலமாக, பரோட்டாவுக்கு மாவு அடிக்கிறவர்கள் கைபோல முறுக்கேறின கை, நெற்றியில் வியர்வை, ஒரு மெல்லிசு சங்கிலி. படி ஏறி வரும்போது ஒரு சிவத்த பெண்ணை, சிரித்துக் குழைகிற பெண்ணை எதிர்பார்த்து, அவளிடம் என்ன கேட்பது என்று வார்த்தைகூட அடுக்கி வைத்திருந்தாள் கலாமணி. இந்த முகத்தைப் பார்த்ததும் அடுக்கினது சரிந்துவிட்டது. ஆனால் அழகை வைத்து என்ன முடிவு செய்ய முடியும்? பவானியிலிருந்து வந்து நின்றாளே அப்பா செத்த அன்றைக்கு, அவள் மட்டும் என்ன அழகியா? பல் துருத்திக்கொண்டு, சாயம் போன நூல் புடவை கட்டிக்கொண்டு, கையில் ஒரு மாலையோடு, அப்பா ஜாடையில் இரண்டு பிள்ளைகளைப் பின்னால் நிறுத்திக்கொண்டு வாசலில் நின்றாள். யார் என்று அம்மா ஒருத்தியைத் தவிர யாரும் கேட்கவில்லை. அதைக் கவனித்தாள் கலாமணி. பதினேழு வயசு அப்போது. பெரியப்பா கேட்கவில்லை, சித்தி கேட்கவில்லை, பந்தல் போட வந்தவன்கூடக் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அம்மா மட்டும், "ஏனுங், நீங்க எந்தூருங்?" என்று மரியாதையாகக் கேட்டாள். அதற்கு முன்னால் பத்து வருசம் அக்கம்பக்கத்தில் அம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த வாசகம் ஒன்றே ஒன்று: நான் ஒரு நாளும் அவர் சட்டைப்பையில் கை வெச்சதில்லீங்க. வைத்திருக்கலாம் அல்லவா? ஒரே ஒரு நாள் வைத்திருந்தால் பந்தலுக்குக் கீழே அப்படி முட்டாளாக நின்றிருக்க வேண்டாம். அன்றைக்கே கலாமணி ஒன்றை முடிவு செய்துகொண்டாள், நமக்கு அந்த நிலைமை வரக்கூடாது, ஊருக்கே தெரிந்த விசயம் நமக்கு மட்டும் தெரியாமல் இருக்கக்கூடாது.

"மூச்சை விடுங்கக்கா. ஏன் பிடிச்சு வெச்சிருக்கீங்க? விடுங்க." விட்டாள். "என்ன வேலைக்கா செய்யுதீங்க வீட்ல?" "சமையல், துணிமணி, வேறென்னங்க?" "அதுல இது வராதுக்கா. இது ஒரே பக்கமாத் தலையத் திருப்பி, தோளைத் தூக்கி, அசையாம வெச்சிருக்கறதுல வர்றது. டிவி பாக்கறப்பவா? போன் பாக்கறப்பவா?" போன் என்றதும் கலாமணியின் முதுகு மொத்தமும் இறுகியது. அது இறுகினது ஜெனிட்டாவின் கைக்குத் தெரிந்திருக்கும், தெரியாமலா இருக்கும், இவள் கைதான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறதே. "பாத்தீங்களா, இப்பக்கூட இறுக்குதீங்க. சதைன்னா நூல் நூலா இருக்கும்கா. சுருங்கும், விரியும், அதான் அதோட வேலை. நாள் தவறாம ஒரே மாதிரி இழுத்துப் பிடிச்சு வெச்சா, சுருங்குன நூலுக்கு விரியறது மறந்துரும். அங்க ரத்தம் ஓடாது. ஓடலேன்னா கழிவு அங்கேயே தங்கிரும், வலிக்கும். வலிச்சா என்ன செய்வோம், வலிக்கற இடத்தக் காப்பாத்தறோம்னு இன்னும் இறுக்கிப் பிடிப்போம். பிடிச்சா இன்னும் ரத்தம் போகாது. அப்படியே சுத்திக்கிட்டுக் கெடக்கும்." "அழுத்துனா போயிருமா?" "அழுத்திப் பிடிச்சிருந்து விட்டா, தேங்குனது வெளிய போயி புது ரத்தம் வரும். சூடு ஏறும். நரம்பு வழியா மூளைக்குச் சேதி போகும், இனிமே பிடிக்க வேண்டாம், விட்டுருன்னு. சதை தானா விட்டுரும். நாம பலவந்தம் பண்ணி அவுக்க முடியாதுக்கா." பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது. இந்தப் பேச்சைத்தான் அவரிடமும் பேசியிருப்பாள், இதே கட்டிலில், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவர் கவிழ்ந்து படுத்திருக்க, இதே கட்டைவிரல் அவர் முதுகில். ச்சீ, என்ன நினைப்பு இது. ஆனால் நினைப்புதானே, வரத்தான் செய்யும். ஓட்டை வழியாகச் சிவப்பு நகங்கள் ஒரு அடி நகர்ந்தன.

ஒரே பக்கமாகத் தலையைத் திருப்பி, தோளைத் தூக்கி, அசையாமல். கலாமணிக்கு அது எந்த நேரம் என்று உடனே தெரிந்துவிட்டது, தெரியாத மாதிரி இருந்துகொண்டாள். மத்தியானம் இரண்டு மணிக்குச் சென்னியப்பன் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வீட்டுக்கு வருவார், சோறு தின்பார், இரண்டேகாலுக்குப் படுப்பார், மூன்றரைக்கு எழுந்து காப்பி குடித்துவிட்டுப் போவார். கடைவீதி முழுக்க அப்படித்தான், அந்த ஒன்றேகால் மணி நேரம் கோபி டவுனே படுத்துக்கிடக்கும். போன வருசம் பொங்கல் கழிந்து அவர் பட்டன் போனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப்போன் வாங்கினார், விரலை வைத்தால்தான் திறக்கிற போன். எதுக்குங்க விரல் என்று கேட்டதற்கு, கடைக்காரரே வெச்சுக் குடுத்துட்டார் கலா என்றார். கடைக்காரர் கேட்காமலா வைப்பார்? பட்டன் போனில் எதுவும் பூட்டில்லை, இதில் பூட்டு இருக்கிறது, பூட்டு இருந்தால் உள்ளே என்னமோ இருக்கிறது. இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் அவர் அசந்து கிடந்தபோது பார்த்தாள், வலது கை கட்டிலைத் தாண்டி வெளியே நீண்டு கிடந்தது, உள்ளங்கை மேலே பார்த்தபடி, கட்டைவிரல் தனியாக. சென்னிமலை முருகனே அந்தக் கையை நீட்டிக் கொடுத்த மாதிரி இருந்தது அவளுக்கு. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, போனை விரலுக்குக் கீழே கொண்டுபோய் மெல்ல ஒட்டினாள். திறந்துகொண்டது. அன்றிலிருந்து பதினாலு மாசம். இடது முழங்கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றி, வெளிச்சம் அவர் முகத்தில் படாமல் போனைத் தாழப் பிடித்து, கழுத்தை மட்டும் திருப்பி அவர் இமையையே பார்த்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு. ஒரு நாள்கூட அவர் விழித்ததில்லை. ஒரு நாள்கூட அந்தக் கை உள்ளே போனதில்லை. நல்ல தூக்கம் அவருக்கு, குறட்டைகூட இல்லாத தூக்கம். போனில் ஒன்றுமே அகப்பட்டதில்லை. மோட்டார்க்காரர்கள், கம்பிக்காரர்கள், சம்பந்தி வீட்டு வாழ்த்துச் சேதி. ஒன்றும் அகப்படாத ஒவ்வொரு நாளும் அவளுக்கு உயிர் திரும்பி வரும், அடுத்த நாள் இரண்டு மணிக்கு மறுபடியும் போய்விடும்.

"ஆம்பளைங்களும் வருவாங்களா அம்மிணி இங்க?" என்று கேட்டே விட்டாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டதாக அவளுக்கு நினைப்பு. "வருவாங்கக்கா, அவங்கதான் நெறைய. லாரி ஓட்டறவங்க, தறி ஓட்டறவங்க." "மோட்டார் கீட்டார் வேலை செய்யறவங்க?" கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஜெனிட்டா ஒன்றும் நினைத்ததாகத் தெரியவில்லை, அழுத்திக்கொண்டே சொன்னாள். "ஒரு அண்ணன் வராங்க, காயில் கட்டறவங்கதான். பேரு சொல்லக்கூடாது. அவங்க கதைய நீங்க கேக்கணும், எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழ, எலுமிச்சங்கா தண்டிக்கு முடிச்சு. காயில் கட்டறதுல வந்ததுன்னாங்க. நான் ஒத்துக்கல. காயில் கட்டுனா ரெண்டு கையிலயும்லா வரணும், முன்கையிலயும்லா வரணும். இது கைய வெளிய நீட்டி, அசைக்காமப் பிடிச்சிருக்கறதுல வர்ற முடிச்சு. எப்படிண்ணே படுக்கீங்கன்னு கேட்டேன். மத்தியானம் கைய நீட்டிப் படுப்பேம்மான்னாங்க. அப்ப மடக்கி நெஞ்சோட வெச்சுப் படுங்கன்னேன். அது முடியாதுன்னாங்க." ஜெனிட்டா கட்டைவிரலை மாற்றி முழங்கையை வைத்தாள். "ஏன் முடியாதுன்னு கேட்டா என்ன சொன்னாங்க தெரியுமாக்கா? அந்த நேரத்துல வீட்ல அந்தக் கைக்கு ஒரு வேலை இருக்கும்மா, நான் கைய உள்ள இழுத்துட்டா அந்த வேலை நின்னுரும், நின்னா அவ மனசு அடிச்சுக்கும், ராத்திரி சாப்பிட மாட்டா, அப்படின்னாங்க. தூங்கற மனுசன் கையில என்னக்கா வேலை? மருதாணியா வைக்காங்க?" சொல்லிவிட்டு ஜெனிட்டா சிரித்தாள். கலாமணி சிரிக்கவில்லை. ஓட்டைக்குக் கீழே சந்தன நிறத் தரை இருந்த இடத்திலேயே இருந்தது, அவள் கண்ணுக்குத்தான் அது கலங்கலாகத் தெரிந்தது.

முழிச்சிருந்தாரா? முழிச்சிருந்தார். பதினாலு மாசமும். ஒரு நாள் பாத்திரம் கழுவின ஈரக்கையோடு போய், விரல் ஒத்துக்கொள்ளாமல், முந்தானையில் அவர் விரலைத் துடைத்துத் துடைத்து ஒட்டினாளே, அப்போதும் முழிச்சிருந்தார். இன்னொரு நாள் ஆத்திரத்தில் அவர் மூஞ்சிக்கு நேராக, திருட்டு முழி, எங்க ஒளிச்சு வெச்சிருக்கறீங்க என்று முணுமுணுத்தாளே, அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தார். அதைவிட, ஐயோ, தை மாசத்தில் ஒரு நாள், ஒன்றும் அகப்படாத சந்தோசத்தில் அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்து, என்னை விட்டுட்டுப் போயிராதீங்க என்று அழுதாளே. அதற்கும் அவர் கண் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவள் அங்கேயே செத்திருப்பாள், அது தெரிந்துதான் திறக்கவில்லையோ? வெட்கம் பிடுங்கித் தின்றது. கட்டிலிலிருந்து இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது, இந்த அங்கியோடு எங்கே ஓடுவது. என்னிடம் சொல்லாததை, முகம் தெரியாத இவளிடம் சொல்லியிருக்கிறார்! அதுவும் எரிந்தது. கை வலிக்குது கலா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சொன்னால் ஏன் வலிக்குது என்று கேட்பேன். கேட்டால் என்னவென்று சொல்லுவார்? அதற்குத்தான் ஆப்பக்கூடல். சரி, அது புரிகிறது, அது ஒத்துப்போகிறது. ஒத்துப்போன உடனேயே அவள் மனசு இன்னொரு பக்கத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது: நான் பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியும் என்றால், பார்க்கக் கூடாததை அந்தப் போனில் அவர் எதற்கு வைத்திருக்கப்போகிறார்? பதினாலு மாசமாக நான் பார்த்தது, அவர் எனக்குக் காட்ட நினைத்ததை. கலாவுக்கு முட்டி வலி, இந்த வருசம் சென்னிமலைக்குப் படி ஏற வேண்டாம், வண்டியிலேயே போய்க்கலாம் என்று தங்கச்சிக்கு ஒரு சேதி எழுதியிருந்தாரே, அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பூரிப்பாக இருந்தேனே, அதுகூட என் கண்ணுக்காக எழுதினதா? வேறொரு போன் கடையில் இருக்கலாம். இருக்குமா? இந்தப் பெண்ணும் அவரும் சேர்ந்தே இந்தக் கதையைப் பேசிவைத்திருக்கலாம், என்றைக்காவது என் பொண்டாட்டி வருவா, வந்தா இப்படிச் சொல்லு என்று. அட்டையைச் சட்டைப்பையில் விட்டது யார், மறந்து விட்டதா, வேண்டுமென்றே விட்டதா? இப்படி நினைத்தால் எதற்கு முடிவு? இவள் நல்லவள் என்பதற்கு ஒரு அத்தாட்சி கிடைத்தால் அந்த அத்தாட்சியையும் யாரோ கொண்டுவந்து வைத்த மாதிரி இருக்கும். பவானிக்காரி வந்த நாளிலிருந்து கலாமணிக்கு இதே வேலையாகப் போய்விட்டது. அம்மா பார்க்காமல் ஏமாந்தாள். நான் பார்த்துப் பார்த்து என்னத்தைக் கண்டேன்?

"வேற என்ன சொன்னாரு அவரு?" என்றாள். "வேற ஒண்ணும் பேச மாட்டாங்கக்கா. எனக்கு அவங்கள மாதிரி ஆளு லேசு. படுத்து ரெண்டு நிமிசம், அவ்வளவுதான், தூங்கிருவாங்க. நான் முடிச்சை அழுத்துனாக்கூட முழிக்க மாட்டாங்க. வேலை முடிஞ்சாலும் எழுப்ப மனசு வராது, அடுத்த ஆளு வர்ற வரைக்கும் விட்டுருவேன். கொறட்டையாக் கொறட்டை! கீழ விதைக்கடை வரைக்கும் கேக்கும்." ஜெனிட்டா தொண்டையில் அந்தக் குறட்டையை இழுத்துக் காட்டினாள். இரண்டு சின்னது, ஒரு பெரிசு, கடைசியில் மூக்கு வழியாக விசில். கலாமணிக்கு அந்தக் குறட்டை தெரியும். கல்யாணமான புதிதில் தூங்கவிடாமல் விலாவில் இடிக்க வைத்த குறட்டை அது, இரவுகளில் இன்றைக்கும் வீட்டுச் சுவரை அதிர வைப்பது. மத்தியானத்தில் மட்டும் அது வந்ததே இல்லை. பகல் தூக்கத்துக்குக் குறட்டை வராதாட்டம் இருக்குது என்று அவளாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள், அதை மட்டும் சந்தேகப்படவில்லை. பாவி மனுசன், அறுபது வயசை நெருங்குகிறவன், காலையிலிருந்து குனிந்து கம்பி சுற்றுகிறவன், ஒரு மத்தியானம்கூடத் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டிக்கொண்டு, அவள் பார்த்து முடிக்கிறவரைக்கும் காத்துக்கிடந்திருக்கிறார். தூங்குவதற்கு இங்கே வருகிறார், வாரத்துக்கு ஒரு அரைமணி நேரம்.

அப்போது தோளில் என்னமோ நடந்தது. ஜெனிட்டா புதிதாக ஒன்றும் செய்யவில்லை, அதே இடத்தில் அதே முழங்கையை வைத்து எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். கெட்டியாகக் கிடந்த அந்த இடம் முதலில் சுட்டது, அப்புறம் மெல்ல அமுங்கியது, கழுத்திலிருந்து விரல் நுனிவரைக்கும் கிறுகிறுவென்று என்னமோ இறங்கி ஓடியது. நெற்றிப்பொட்டு லேசானது. கலாமணி ஓட்டைக்குள் முகத்தை வைத்தபடி அழுதாள், சத்தம் வராமல் பார்த்துக்கொண்டாள், கண்ணீர் நேராகக் கீழே விழுந்து டைல்ஸில் தெறித்தது. அதை மறைக்க வழியே இல்லை. "அழுங்கக்கா, ஒண்ணுமில்ல," என்றாள் ஜெனிட்டா. "விடறப்ப நெறைய பேரு அழுவாங்க. வலியில இல்ல, சும்மா வரும்." சும்மாவா வரும்? எதுவாவது சும்மா வருமா? கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உட்காரச் சொன்னாள் ஜெனிட்டா. கழுத்தை இடது பக்கம் திருப்பச் சொன்னாள், வலது பக்கம் திருப்பச் சொன்னாள், இரண்டு பக்கமும் திரும்பியது. "இன்னும் முழுசாப் போகல. ரெண்டு மூணு தடவ வரணும். ஆனா நான் எத்தன தடவ அவுத்தாலும், அந்த வேலைய நீங்க விடலேன்னா மறுபடி வந்துரும்கா. என்ன வேலைன்னு நீங்களும் சொல்ல மாட்டேங்கீங்க." முகத்தைப் பார்த்தால் ஒளிவு எதுவும் தெரியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, அடுத்து வருகிறவருக்காகத் துணி விரித்துக்கொண்டிருந்தாள். ஒளிவு தெரியாத முகம் என்றால் ஒளிவு இல்லாத முகமா? கலாமணி அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டுப் புடவையைக் கட்டப் போனாள், முழுசாக விடவில்லை, பாதிதான் விட்டாள்.

விதைக்கடைக்கு முன்னால் நிழலில் நின்று போனை எடுத்தபோது மணி பன்னிரண்டு ஆகவில்லை. நேரில் போய்ச் சொல்லலாம், கடை இரண்டு தெரு தள்ளித்தான். நேரில் போனால் அவர் முகத்தைப் பார்ப்பேன், முகத்தைப் பார்த்தால் அதில் என்ன இருக்கிறது என்று தேட ஆரம்பிப்பேன். வேண்டாம். என்ன சொல்வது என்று அடுக்க ஆரம்பித்தாள், கோபமாக ஒரு மாதிரி, மன்னிப்பாக ஒரு மாதிரி, வியாழக்கிழமை எங்கங்க போறீங்க என்று ஒன்றும் தெரியாதவளாக ஒரு மாதிரி. அந்த மூன்றாவதுதான் நாக்கு நுனியில் நின்றது. கேட்டுப் பார்க்கலாமே, ஆப்பக்கூடல் என்கிறாரா பார்க்கலாமே, கடைசியாக ஒரே ஒரு தடவை. அவர் நம்பரை அழுத்தினாள், மணி அடித்தது. அவர் எடுத்தார். பின்னால் காயில் சுற்றுகிற மெஷின் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. "சொல்லு கலா." "ஏனுங்க..." என்றாள். இடது தோள் தானாக மேலே ஏறுவது தெரிந்தது, மூச்சு நின்றிருப்பது தெரிந்தது. மூச்சை விட்டாள். "ஏனுங்க, இன்னைக்கு மத்தியானம் கைய மடக்கி வெச்சுப் படுங்க."

மெஷின் நின்றது. ரோட்டில் ஒரு பஸ் போனது, விதைக்கடைக்காரர் யாரிடமோ சோளத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கே இருக்கிறாய், யார் சொன்னார்கள், எதற்கு இப்படிச் சொல்கிறாய் என்று அவர் கேட்பார், எதைக் கேட்கிறார் என்பதை வைத்து என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம் என்று அவள் மனசு அப்போதும் காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றது. அவர் அதில் எதையும் கேட்கவில்லை. அவர் கேட்டது வேறு.

"நான் மடக்கிப் படுத்துக்கறேன். நீ இருந்துக்குவியா கலா?"

போனைப் பார்க்காமல் இருந்துக்குவேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அது இன்னொரு பொய்யாக இருக்கும், அவருக்கும் தெரிந்திருக்கும்.

"தெரியலீங்க," என்றாள். "பக்கத்துல நானும் படுத்துப் பாக்கறேன்."